கரை இறங்கும் முன் கையெழுத்தான காகிதம்

1620 நவம்பர் 11. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், வளைந்த விரல் போலக் கடலுக்குள் நீண்டிருக்கும் கேப் காட் முனையின் உட்புறம் ஒரு சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டது. பெயர் மேஃப்ளவர். இங்கிலாந்தை விட்டு 66 நாள் ஆகியிருந்தது. நடுக்கடலில் கப்பலின் பெரிய உத்தரம் ஒன்று விரிசல் விட்டு, இரும்புத் திருகு வைத்து அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார்கள். குளிர் தொடங்கிவிட்டது. விறகு தீர்ந்துபோயிருந்தது. யாராக இருந்தாலும் முதலில் கரையில் குதிக்கத்தான் பார்ப்பார்கள். இவர்கள் முதலில் ஒரு காகிதத்தை எழுதினார்கள். 41 ஆண்கள் அதில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கப்புறம்தான் விறகு வெட்ட ஆட்கள் இறங்கினார்கள்.

(அந்தத் தேதி இங்கிலாந்தில் அப்போது வழங்கிய பழைய நாட்காட்டிப்படி. இன்றைய கணக்கில் நவம்பர் 21.)

அந்தக் காகிதத்தைத்தான் இன்று மேஃப்ளவர் ஒப்பந்தம் என்கிறோம். அந்தப் பெயர்கூட அவர்கள் வைத்ததில்லை, 1793-இல் வந்து ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் சுமார் 200 சொற்கள்தான். ஆனால் அதற்குள் ‘நியாயமும் சமமும் ஆன சட்டங்கள்’ என்றொரு தொடர் இருக்கிறது. குடியேற்ற நாடுகளில் மக்கள் தாமே தம்மை ஆண்டுகொள்வது எப்படித் தொடங்கியது, எல்லோருக்கும் ஒரே சட்டம் என்ற எண்ணம் எங்கே நின்றது, எங்கே இடறியது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் காகிதத்தைத்தான். சின்னது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

கப்பலில் இருந்தவர்கள் யார்?

மொத்தம் 102 பயணிகள். எல்லோரும் ஒரே கூட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏறத்தாழ பாதிப் பேர், இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போக முடியாமல் அதைவிட்டு விலகியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும். தண்டனைக்குப் பயந்து ஹாலந்துக்குப் போய், லைடன் நகரில் 10 வருடத்துக்கு மேல் நெசவு முதலான வேலைகள் செய்து பிழைத்தவர்கள். பிள்ளைகள் டச்சுக்காரர்களாகவே வளர்ந்துவிடுவார்கள் என்ற கவலையும், கடின உழைப்பால் உடம்பு தேய்வதும் சேர்ந்து, கடல் தாண்டிப் போகலாம் என்று முடிவெடுத்தார்கள்.

அவர்களிடம் பணம் இல்லை. லண்டன் வணிகர்கள் சிலர் முதல் போட்டார்கள். முதல் போட்டவர்களுக்கு லாபம் வேண்டுமே, அதனால் வேலை தெரிந்த வேறு ஆட்களையும் அதே கப்பலில் ஏற்றினார்கள். இவர்களுக்கு லைடன்காரர்களின் மத வைராக்கியம் எதுவும் கிடையாது. நிலம் கிடைக்கும், பிழைக்க வழி கிடைக்கும் என்று வந்தவர்கள். லைடன் கூட்டத்தார் இவர்களை ‘அந்நியர்கள்’ என்றே குறிப்பிட்டார்கள். இதற்கு மேல் வேலைக்காரர்கள், கூலிக்கு வந்த கைவினைஞர்கள், சிறுபிள்ளைகள். ஒரு தெருவில் வைத்தால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லத்தக்க இந்தக் கலவைதான் இரண்டு மாதத்துக்கு மேல் ஒரே அடித்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அவர்கள் வந்து சேர்ந்த இடத்தில். கையில் இருந்த பட்டயம் வர்ஜீனியா கம்பெனி கொடுத்தது. ஹட்சன் ஆற்று முகத்துவாரத்தின் பக்கம், அந்தக் கம்பெனியின் எல்லைக்குள் குடியேறத்தான் அது அனுமதி. கப்பல் கண்டதோ அதற்கு வெகுவடக்கே இருக்கும் கேப் காட். தெற்கே திரும்பிப் பார்த்தார்கள். ஆபத்தான மணல்திட்டுகளும் அலைக்கொந்தளிப்பும் குறுக்கே நின்றன. திரும்பி வந்துவிட்டார்கள். இங்கே அந்தப் பட்டயம் செல்லாது.

உடனே ‘அந்நியர்கள்’ சிலர் பேச ஆரம்பித்தார்கள். கரை இறங்கியதும் அவரவர் இஷ்டப்படி இருப்போம், எங்களுக்குக் கட்டளையிட இங்கே எவருக்கும் அதிகாரம் கிடையாது என்று. கப்பலில் இருந்து, பின்னர் பல ஆண்டுகள் ஆளுநராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட் இதை எழுதிவைத்திருக்கிறார். அப்படிப் பேசியவர்களின் பெயரை அவர் சொல்லவில்லை.

இந்த நிலைமையைப் புரிந்துகொள்ள ஒரு எளிய உதாரணம். புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. கட்டியவர் சாவிகளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சங்கம் இன்னும் பதிவாகவில்லை. மோட்டாரை யார் போடுவது, குப்பைக்கு யார் காசு கொடுப்பது, மாடியில் இரவு 12 மணிக்குப் பாட்டு வைப்பவரை யார் கேட்பது? கேட்டால், “நீ யார் என்னைக் கேட்க?” என்பார். சட்டப்படி பார்த்தால் அவர் கேட்பதிலும் ஒரு ஞாயம் இருக்கிறது. கேப் காட்டில் இதே கேள்விதான். இங்கே மோட்டார் பிரச்சினை, அங்கே உயிர்ப் பிரச்சினை.

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய ஒருவர் அந்தக் கப்பலிலேயே இருந்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி. ஸ்டீபன் ஹாப்கின்ஸ். 1609-இல் வர்ஜீனியாவுக்குப் போன ‘சீ வெஞ்சர்’ என்ற கப்பல் பெர்முடாத் தீவில் உடைந்தது. அதில் இருந்த ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்பவர், கப்பல் உடைந்த அந்தக் கணமே ஆளுநரின் அதிகாரமும் முடிந்தது, இனி யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவரில்லை என்று வாதாடினார். கலகம் என்று சொல்லி அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். மனைவி மக்களைச் சொல்லிக் கண்ணீர் விட்டு மன்றாடியதால் உயிர் பிழைத்தார். அவரே இந்த ஹாப்கின்ஸ் என்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். 11 ஆண்டு கழித்து, கர்ப்பிணி மனைவியோடும் பிள்ளைகளோடும் இரண்டு வேலைக்காரர்களோடும் மேஃப்ளவரில் வந்தார். வழியில் பிறந்த ஆண் குழந்தைக்குக் கடலின் பெயரையே வைத்து ஓஷியானஸ் என்று அழைத்தார்கள். ஒப்பந்தத்தில் ஹாப்கின்ஸின் கையெழுத்து உண்டு.

எழுத்தில் என்ன இருக்கிறது

காகிதம் கடவுளின் பெயரால் தொடங்குகிறது. அடுத்ததாக, நாங்கள் ஜேம்ஸ் மன்னரின் விசுவாசமான குடிகள் என்கிறது. இதை மறந்துவிடக் கூடாது. சிலர் இதைச் சுதந்திரப் பிரகடனத்தின் முன்னோட்டம் போலப் பேசுவார்கள். மன்னரை விட்டு விலகும் எண்ணம் இதில் துளியும் இல்லை. மன்னர் எட்டாத தூரத்தில் இருக்கிறார், அதுவரைக்கும் என்ன செய்வது என்பதுதான் இவர்கள் கவலை.

அதன் பிறகு வருவதுதான் சாரம். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: கடவுளின் முன்னிலையிலும் ஒருவர் மற்றவர் முன்னிலையிலும் நாங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குடிமைச் சமூகமாக ஆகிறோம், எங்கள் ஒழுங்குக்காகவும் பாதுகாப்புக்காகவும், குடியேற்றத்தின் பொது நன்மைக்கு எவை உகந்தவை என்று அவ்வப்போது தோன்றுகிறதோ, அத்தகைய நியாயமும் சமமும் ஆன சட்டங்களையும் பதவிகளையும் ஏற்படுத்திக்கொள்வோம், அவற்றுக்கு உரிய முறையில் கீழ்ப்படிவோம் என்று வாக்களிக்கிறோம்.

இவ்வளவுதான். என்ன சட்டம் என்று ஒன்றுகூட இல்லை. திருடினால் என்ன தண்டனை, நிலத்தை எப்படிப் பிரிப்பது, எதுவும் கிடையாது. சட்டம் செய்யும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் இது சொல்கிறது: நாமே ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கிலிருந்து. ‘அவ்வப்போது’ என்ற சொல்லையும் கொஞ்சம் கவனியுங்கள். இன்று செய்த விதி நாளைக்குப் பொருந்தவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு அந்தச் சொல்தான் கதவு.

இந்த வழி அவர்களுக்குத் திடீரென்று தோன்றியதில்லை. லைடன் கூட்டத்தார் தங்கள் திருச்சபையையே இப்படித்தான் அமைத்திருந்தார்கள். மேலிருந்து ஆயர் வந்து நியமிக்காமல், உறுப்பினர்கள் தமக்குள் உடன்படிக்கை செய்து சபையாகக் கூடுவது அவர்கள் வழக்கம். அவர்களுடைய போதகர் ஜான் ராபின்சன் கப்பலில் வரவில்லை, லைடனிலேயே தங்கிவிட்டார். ஆனால் புறப்படும் நேரத்தில் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். உங்களில் மற்றவர்களைவிட உயர்ந்த அந்தஸ்து உள்ளவர் என்று யாரும் இல்லை. எனவே பொது நன்மையை நேசிப்பவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த பின், இவரும் நம்மைப் போலச் சாதாரண ஆள்தானே என்று எண்ணி மதிப்பைக் குறைக்காதீர்கள் என்று அதில் எழுதியிருந்தார். பிரபுவும் ஆயரும் இல்லாத கூட்டம் தன்னை எப்படி ஆண்டுகொள்ளும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை அந்தக் காலத்தில் நான் பார்த்ததில்லை. ஒப்பந்தம் இந்த யோசனையைச் சபைக்கு வெளியே இருந்த ‘அந்நியர்களுக்கும்’ விரித்தது. அதுதான் புதுசு.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு ஒரு வருடம் முன்பே, 1619 ஜூலை 30 அன்று, வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் ஆங்கிலேய அமெரிக்காவின் முதல் பிரதிநிதிகள் சபை கூடிவிட்டது. ஆனால் அது கம்பெனி மேலிருந்து கொடுத்த உரிமை. கொடுத்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மேஃப்ளவரில் வந்தவர்கள் பிறகு குடியமர்ந்த ஊரான பிளைமவுத்தில் கொடுக்க ஆள் இல்லை, தாமே செய்துகொண்டார்கள். தன்னாட்சி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அது வந்த இந்த இரண்டு வழிகளையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. அதே வர்ஜீனியாவில், சபை கூடி ஒரு மாதம் ஆவதற்குள் ஆப்பிரிக்கர்கள் இருபது சொச்சம் பேர் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டார்கள் என்பதும் இதே வரலாற்றின் பகுதிதான்.

‘சமம்’ என்றால் என்ன சமம்?

இன்று சமம் என்றதும் நமக்குத் தோன்றுவது, எல்லா மனிதருக்கும் ஒரே உரிமை. 1620-இல் ‘ஈக்வல்’ என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ‘நடுவுநிலையான’, ‘ஒருபக்கம் சாயாத’ என்ற பொருளும் வலுவாக இருந்தது. நம் மொழியில் சொன்னால், ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்காத சட்டம். லைடன்காரருக்கு ஒன்று, அந்நியருக்கு ஒன்று என்று இருக்காது என்ற வாக்கு. அப்படி ஒரு வாக்கு இல்லாமல் அந்நியர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கையெழுத்துப் பட்டியலைப் பாருங்கள். முதலில் ஜான் கார்வர், அவரைத்தான் ஆளுநராகத் தேர்ந்தார்கள். பிராட்ஃபோர்ட், சபை மூப்பர் வில்லியம் புரூஸ்டர், படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் எல்லோரும் மேலே. நடுவே ஜான் ஹவ்லண்ட். இவர் கார்வரின் வேலைக்காரர். புயலில் கப்பலிலிருந்து கடலில் விழுந்து, தொங்கிக்கொண்டிருந்த கயிறு ஒன்றைப் பிடித்து உயிர் தப்பியவர். பட்டியலின் கடைசி இரண்டு பெயர்கள் எட்வர்ட் டோட்டியும் எட்வர்ட் லைஸ்டரும். இருவரும் ஹாப்கின்ஸின் வேலைக்காரர்கள். இங்கிலாந்தில் இவர்களைப் போன்றவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். எஜமான் கையெழுத்துப் போட்ட அதே தாளில் வேலைக்காரனும் போட்டான்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். 1621 ஜூனில் இந்த டோட்டியும் லைஸ்டரும் ஒருவருக்கொருவர் சவால் விட்டு, வாளும் குறுவாளுமாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருவனுக்குக் கையில் காயம், மற்றவனுக்குத் தொடையில். முதல் பனிக்காலத்திலேயே வந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள், ஆளுநர் கார்வரும் ஏப்ரலில் இறந்துவிட்டார். அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு பேர் கத்திச்சண்டை. ஊர்க்கூட்டம் முழுவதும் கூடி விசாரித்தது. தலையையும் காலையும் சேர்த்துக் கட்டி, 24 மணி நேரம் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்க வேண்டும் என்று தீர்ப்பு. கட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வலி தாங்காமல் கெஞ்ச ஆரம்பித்தார்கள். அவர்களோடு சேர்ந்து எஜமான் ஹாப்கின்ஸும் வந்து மன்றாடினார். இனி ஒழுங்காக இருப்போம் என்று வாக்குக் கொடுத்ததும் ஆளுநர் பிராட்ஃபோர்ட் அவிழ்த்துவிடச் சொன்னார்.

பெர்முடாவில் அதிகாரமே இல்லை என்று வாதாடி, பிறகு தன் உயிருக்காக மன்றாடிய மனிதர், பிளைமவுத்தில் தானே கையெழுத்திட்ட அதிகாரத்தின் முன் நின்று தன் வேலைக்காரர்களுக்காக மன்றாடுகிறார். சம்மதம் என்பது என்ன என்று இதைவிட நன்றாகக் காட்ட என்னால் முடியாது.

இன்னொருவர் ஜான் பில்லிங்டன். இவரும் கையெழுத்திட்டவர். 1621 மார்ச்சிலேயே படைத்தலைவரின் கட்டளையை மதிக்காமல் திட்டியதற்காகக் கூட்டத்தின் முன் நிறுத்தப்பட்டு, மன்னிப்புக் கேட்டுத் தப்பினார். 1630-இல் பழைய பகை காரணமாக ஜான் நியூகமன் என்ற இளைஞரைச் சுட்டுக் கொன்றார். ஜூரி குற்றவாளி என்றது. ஆனால் தூக்கிலிடும் அதிகாரம் இவர்களுக்கு உண்டா? மன்னர் நேரடியாகக் கொடுத்த சாசனம் பிளைமவுத்துக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அந்த ஆண்டுதான் பக்கத்தில் வந்து இறங்கியிருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர் ஜான் வின்த்ரோப்பிடமும் மற்றவர்களிடமும் யோசனை கேட்டுவிட்டுத்தான் தண்டனையை நிறைவேற்றினார்கள். பிளைமவுத்தின் முதல் தூக்கு. தூக்கில் ஏறியவர், அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிவேன் என்று கப்பலிலேயே வாக்குக் கொடுத்தவர்.

ஊர் தன்னை ஆண்டுகொண்ட விதம்

ஆளுநரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தார்கள். பிராட்ஃபோர்ட் மொத்தம் சுமார் 30 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். பதவி ஒரு சுமையாகவே இருந்திருக்கிறது: ஆளுநராகத் தேர்ந்தெடுத்தபின் மறுப்பவருக்கு 20 பவுண்டு அபராதம் என்று 1633 தொடக்கத்தில் விதி போட்டார்கள்! 1623 டிசம்பரில் எழுதப்பட்ட ஒரு விதி, குற்ற வழக்குகளும் மனிதருக்கிடையிலான கடன் வழக்குகளும் நேர்மையான 12 பேர் கொண்ட ஜூரியின் முன்தான் தீர வேண்டும் என்கிறது. ‘நியாயமும் சமமும்’ என்ற தொடருக்கு முதல் உடம்பு கிடைத்தது இங்கே என்று நினைக்கிறேன். யார் மேல் வழக்கு வந்தாலும், ஆளுநரின் தனி விருப்பத்துக்கு விடாமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் 12 பேர் சத்தியம் செய்து சொல்ல வேண்டும்.

1636-இல் சட்டங்களை எல்லாம் தொகுத்து ஒழுங்குபடுத்தினார்கள். தொகுப்பின் முகப்பில் அந்தக் கப்பல் ஒப்பந்தத்தையே அடிப்படையாக எடுத்துக் காட்டினார்கள். எங்கள் சம்மதமோ எங்கள் பிரதிநிதிகளின் சம்மதமோ இல்லாமல் எந்தச் சட்டமும் வரியும் எங்கள் மேல் சுமத்தப்படக் கூடாது என்பது அதில் தலையாய விதி. 130 ஆண்டு கழித்து அமெரிக்கக் குடியேற்றங்கள் முழுவதும் கிளம்பிய வரிப் போராட்டத்தின் கோஷம் இதில் ஏற்கனவே இருக்கிறது. ஊர்கள் பெருகியதும் எல்லோரும் பிளைமவுத்துக்கு நடந்து வருவது முடியாத காரியம் ஆனது. எனவே 1639 முதல் ஊருக்கு இத்தனை பேர் என்று பிரதிநிதிகளை அனுப்பினார்கள்.

வாக்கு எல்லோருக்கும் இருந்ததா என்றால், இல்லை. குடியேற்றத்தின் முழு உறுப்பினர் என்று ஏற்கப்பட்ட ஆண்களுக்குத்தான். பெண்களுக்கு இல்லை. மேஃப்ளவரில் வந்த வயது வந்த பெண்கள் 18 பேர். ஒருவர் பெயரும் அந்தத் தாளில் இல்லை. மனைவியின் சட்ட ஆளுமை கணவனுக்குள் அடங்கியது என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். அவர்களில் பெரும்பாலோர் அந்த முதல் பனிக்காலத்தைத் தாண்டவில்லை.

தாளுக்கு வெளியே

இனி சொல்வது கசப்பானது, ஆனால் இதை விட்டுவிட்டால் சமமான சட்டம் என்ற பேச்சுக்கே பொருள் இல்லை.

அவர்கள் இறங்கிய கரை காலி நிலம் அல்ல. வாம்பனோவாக் மக்களின் நிலம். பிளைமவுத் ஊர் எழுந்த இடம் அதற்கு முன் பட்டக்ஸெட் என்ற அவர்களுடைய கிராமம். 1616 முதல் 1619 வரை, ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் அந்த ஊரையே துடைத்துப் போட்டிருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு வாரத்துக்குள், கேப் காட்டில் நிலத்தடியில் புதைத்துவைத்திருந்த மக்காச்சோள விதையைத் தோண்டி எடுத்து, அங்கே கிடந்த ஒரு பெரிய கெட்டிலில் அள்ளிக்கொண்டு போனார்கள். சொந்தக்காரர்களைக் கண்டால் விலை கொடுத்துவிடுவோம் என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஈடும் செய்தார்கள். ஆனால் எடுத்த அன்று அது அடுத்தவர் வீட்டு விதைநெல்லைப் போன்றது. நியாயமான சட்டம் என்று மை காயும் முன்பே.

1621 மார்ச்சில் வாம்பனோவாக் தலைவர் ஊசமேக்வினோடு (மாசசோயிட் என்பது அவர் பட்டம்) உடன்படிக்கை செய்தார்கள். ஒருவருக்கொருவர் தீங்கு செய்யக் கூடாது, போரில் உதவ வேண்டும் என்பது போன்றவை இரண்டு பக்கமும் பொருந்தின. ஆனால் ஒரு விதி: வாம்பனோவாக் ஆள் ஒருவன் ஆங்கிலேயரைத் துன்புறுத்தினால், தண்டிப்பதற்காக அவனை ஆங்கிலேயரிடம் அனுப்ப வேண்டும். ஆங்கிலேயன் ஒருவன் துன்புறுத்தினால் அவனை வாம்பனோவாக்குகளிடம் அனுப்புவோம் என்று அங்கே எழுதவில்லை. தராசு அங்கேயே சாய்ந்துவிட்டது.

சாயாமல் நின்ற ஒரு நாளும் உண்டு. 1638. ஒப்பந்த வேலைக்காரனாக இருந்த ஆர்தர் பீச் என்பவன் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பிளைமவுத்தை விட்டு ஓடினான். வழியில், வியாபாரத்துக்காகச் சங்குமணிச் சரமும் துணியும் கொண்டு வந்துகொண்டிருந்த பூர்வகுடி மனிதர் ஒருவரைப் புகையிலை குடிக்கலாம் வா என்று கூப்பிட்டு உட்காரவைத்து, வாளால் குத்தினான். கை விரித்து அளக்கும் ஐந்து பாக நீளச் சங்குமணிச் சரத்தையும் மூன்று மேலாடைத் துணியையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். குத்துப்பட்டவர் உடனே சாகவில்லை. தவழ்ந்து போய், கண்டவர்களிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் இறந்தார். அவர் பெயர் பெனோவன்யான்க்விஸ். ஒருவன் தப்பிவிட்டான், மற்ற மூவரும் பிடிபட்டார்கள். பூர்வகுடி ஆளுக்காக ஆங்கிலேயரைக் கொல்வதா என்று ஊரில் சிலர் முணுமுணுத்ததை பிராட்ஃபோர்ட் மறைக்காமல் எழுதுகிறார். அப்படி முணுமுணுத்தவர்களை அறிவற்றவர்கள் என்றும் சொல்கிறார். ஜூரி மூவரையும் குற்றவாளிகள் என்றது. இறந்தவரின் உறவினரும் அவர் பக்கத்தாரும் பார்த்து நிற்க, மூவரையும் தூக்கிலிட்டார்கள். மரண தண்டனையை நான் ஆதரிப்பவன் அல்ல. ஆனால் ‘சமமான’ என்ற சொல் அந்த 1620-ஆம் ஆண்டுத் தாளைத் தாண்டி, அதில் கையெழுத்திடாத ஒருவரின் உயிர்வரை நீண்ட நாள் அது.

அது நிலைக்கவில்லை. நிலம் வேண்டும் என்ற பசி தலைமுறைக்குத் தலைமுறை வளர்ந்தது. 1675-இல், ஆங்கிலேயருக்கு நெருக்கமாக இருந்த ஜான் சசமோன் என்ற பூர்வகுடிக் கிறிஸ்தவர் கொலையானபோது, வாம்பனோவாக்குகள் மூன்று பேரைப் பிளைமவுத் நீதிமன்றம் விசாரித்தது. ஜூரி ஆங்கிலேயர் 12 பேர். கூடவே பூர்வகுடியினர் ஆறு பேரை ஆலோசனைக்கு உட்காரவைத்தார்கள், ஆனால் தீர்ப்பு 12 பேருடையது. வாம்பனோவாக்குகள் தமக்குள் தீர்க்க வேண்டிய வழக்கை இவர்கள் கையில் எடுத்தது அவர்கள் தன்னாட்சியின் மேல் கைவைத்ததாகவே பட்டது. மூவருக்கும் மரண தண்டனை. அதே மாதம் போர் வெடித்தது. வாம்பனோவாக்குகளுக்குத் தலைமை தாங்கிய, ஊசமேக்வினின் மகன் மெட்டாகம் 1676 ஆகஸ்டில் கொல்லப்பட்டார், அவர் தலையைப் பிளைமவுத்தில் கம்பத்தில் செருகி வைத்தார்கள். அவருடைய மனைவியும் சுமார் ஒன்பது வயது மகனும் பிடிபட்டார்கள். சிறுவனை என்ன செய்வது என்று போதகர்கள் வேதவசனங்களை எடுத்துவைத்து விவாதித்தார்கள். கடைசியில் அடிமையாக விற்றுவிட்டார்கள். அவனுடைய தாத்தாவோடுதான் 1621-இல் உடன்படிக்கை செய்தார்கள்.

தம்மை ஆண்டுகொள்ளும் உரிமையை அவ்வளவு அழகாகப் புரிந்துகொண்டவர்கள், பக்கத்தில் இருந்த இன்னொரு மக்களுக்கும் அதே உரிமை உண்டு என்பதைப் புரிந்துகொள்ள மறுத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அந்தச் சொல் போன தூரம்

பிளைமவுத் தனிக் குடியேற்றமாக 1691 வரைதான் இருந்தது. பிறகு மாசசூசெட்ஸோடு இணைக்கப்பட்டது. அமெரிக்கா நாடான பிறகு ஒப்பந்தத்தின் புகழ் ஏறியது. 1802-இல் பிளைமவுத்தில் பேசிய, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் குவின்சி ஆடம்ஸ், மக்கள் தாமே கூடிச் செய்த சமூக ஒப்பந்தத்துக்கு மனித வரலாற்றிலேயே இதுதான் ஒரே உதாரணமாக இருக்கலாம் என்றார். மிகைதான். ஆனால் அப்படி ஒரு நம்பிக்கை பரவியதும் வரலாறுதான்.

சமமான சட்டம் என்ற எண்ணம் அமெரிக்க அரசமைப்பில் எழுத்தாக ஏற, உள்நாட்டுப் போரும் அடிமை ஒழிப்பும் நடந்து முடிய வேண்டியிருந்தது. 1868-இல் வந்த 14-ஆம் திருத்தம், எவருக்கும் ‘சட்டங்களின் சமமான பாதுகாப்பை’ எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது என்றது. குடிமகன் என்று மட்டும் சொல்லாமல் ‘எவருக்கும்’ என்றது. அந்தத் தொடரை நம் அரசமைப்பை எழுதியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்திய அரசமைப்பின் 14-ஆம் உறுப்பில், சட்டத்தின் முன் சமம் என்பதோடு சேர்த்து அது இருக்கிறது. கப்பலில் எழுதிய தாளிலிருந்து அதற்கு நேர்கோடு போட நான் முயலவில்லை. இடையில் எத்தனையோ பேர் போராடிக் கொண்டுவந்து சேர்த்த சொல் அது.

அந்த மூலத்தாள் இன்று இல்லை. எப்போதோ தொலைந்துவிட்டது. கையெழுத்திட்டவர்களின் பட்டியலும் 1669-இல் அச்சான ஒரு நூலில்தான் முதலில் வெளிவந்தது. வாசகம் நமக்குக் கிடைப்பது, 1622-இல் லண்டனில் அச்சான ஒரு வெளியீட்டிலிருந்தும் பிராட்ஃபோர்ட் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்த பிரதியிலிருந்தும். அந்தக் குறிப்பேடும் அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் காணாமல் போய், 1850-களில் லண்டன் ஆயரின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1897-இல்தான் திரும்பியது. இப்போது பாஸ்டனில், மாசசூசெட்ஸ் மாநில நூலகத்தில் இருக்கிறது. பக்கங்களின் படத்தை இணையத்திலும் பார்க்கலாம். பழைய எழுத்துமுறையில், சமம் என்ற அந்தச் சொல்லைக் கடைசியில் இரண்டு ‘எல்’ போட்டு எழுதியிருக்கிறார் பிராட்ஃபோர்ட்.